நந்தவனத்து நிழற்கல்

காலங் கடந்த பெருமானைக் காலந் தவறாது வழிபடுக என்பது சிவாகமங்களின் ஆணை. நம் திருக்கோயில்களில் நிகழும் பூசைகளின் பெயர்களையே நோக்குக. காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தசாமம் என அனைத்தும் பொழுதின் பெயர்களாகவே அமைந்துள்ளன. இவற்றுள் உச்சிக்காலம் என்பது ஞாயிறு உச்சியை எய்தும் வேளை. அவ்வேளையை இன்று நாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அறிகின்றோம். அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் கடிகாரம் வருமுன் இக்கோயிலில் மணி அடித்தவர் எதனைப் பார்த்து அடித்தார் என்று ஒருவர் வினவினால், விடை சற்று நெடியது. அதனை இம்மலரில் எழுத வேண்டிய தேவை, நம் கோயில் நந்தவனத்தில் வைக்கப்பெற்ற ஒரு பித்தளைப் பலகையால் நேர்ந்தது.

கடல் கடந்து வாழும் நம்மூர் அன்பர் ஒருவர், மறைந்த தம் தந்தையாரின் நினைவாக, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சூரிய கடிகாரத்தை நந்தவனத்துக்கு அளித்தார். தாம் வாழும் நாட்டிலேயே சொல்லிச் செய்வித்தது. பித்தளை வட்டம், அதன்மேல் முக்கோண வடிவில் ஒரு தகடு, சுற்றிலும் மணிகளைக் குறிக்கும் கோடுகள், கீழே தந்தையாரின் பெயரும் அவர் வாழ்ந்த ஆண்டுகளும் அழகிய தமிழ் எழுத்தில். திருக்குளத்திலிருந்து வரும் வழியில் மேடை கட்டி அதனை வைத்தார்கள். சில திங்களுக்குள்ளேயே அது பொய் சொல்லுகின்றது என்ற பேச்சு எழுந்தது. நண்பகலில் ஓரளவு சரியாக இருக்கும். பிற்பகலிலோ, ஆனித் திங்களில் மூன்று மணிக்கு நாலரை மணிக்கு மேல் காட்டும். மார்கழியில் அதே மூன்று மணிக்குக் கால் மணி பின்தங்கிக் காட்டும். திருவிழாவுக்கு வந்த பிள்ளைகள் தங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு நகைத்தனர். திருப்பணி தொடங்கியபோது, இதனைக் களஞ்சிய அறையில் வைத்துவிடலாமா என்று அறங்காவலர்கள் எண்ணினர். தந்தையின் பெயர் பொறித்த பொருளை அவ்வாறு ஒதுக்குவது அவ்வன்பரின் மனத்தைப் புண்படுத்தும் என்ற தயக்கமும் இருந்தது. திருமடத்தில் பயின்ற நாளில் கணிதமும் சிறிது கற்றவன் என்பது பற்றி என்னை அழைத்துக் கேட்டனர்.

பலகை பொய் சொல்லவில்லை. அது வேறோர் ஊரின் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. இதனை விளக்க வேண்டுமாயின், நிழலைக் கொண்டு நம் முன்னோர் செய்த பணிகளை முதலில் நினைவு கூர்தல் வேண்டும்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனை வகுத்த முறையை நக்கீரர் கூறுகின்றார். ஞாயிறு ஒரு பக்கமும் சாராது உச்சியில் நிற்கும் வேளையில், நட்ட இரண்டு கோல்களின் நிழலைக் குறியாகக் கொண்டு, நூலறிந்த புலவர் நுண்ணிதாகக் கயிறு பிடித்துத் திசை கொண்டனர் என்பது அப்பகுதியின் கருத்து. அவர் திங்களின் பெயரைக் கூறவில்லை. உரையாசிரியர் நச்சினார்க்கினியரோ, அது சித்திரைத் திங்களின் நடுவிலுள்ள பத்து நாட்களுள் ஒரு நாள் என்றும், பதினைந்தாம் நாழிகை என்றும் வரையறுத்து உரைக்கின்றார். பதினைந்தாம் நாழிகை என்பது நண்பகல். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். எனவே அதில் ஐயமில்லை. ஆனால் நடுப்பத்து என்பதைப் படித்தபோதெல்லாம் எனக்கு ஓர் இடர்ப்பாடு இருந்துவந்தது. மதுரையில் ஞாயிறு தலைக்கு நேராக நின்று நிழல் அறவே ஒழியும் நாள் இக்காலத்தில் சித்திரை 3-ஆம் நாள் அளவில் வருகின்றது. நடுப்பத்து என்பது 11 முதல் 20 வரை. உரையாசிரியர் வாளா கூறினாரோ?

இல்லை. விஷுவம் நிகழும் இடம் விண்மீன்களுக்கிடையே சற்றேறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்கின்றது. இதனை அயன சலனம் என்பர் கணித நூலார். நம் திங்கட் கணக்கு விண்மீன்களைச் சார்ந்தது. நிழற் கணக்கோ விஷுவத்தைச் சார்ந்தது. ஆகவே நிழலற்ற நாள் நம் திங்கட் கணக்கில் நூற்றாண்டுதோறும் முன்னே நகர்ந்து வருகின்றது. நச்சினார்க்கினியர் வாழ்ந்தது பதினான்காம் நூற்றாண்டு என்பர். அன்றிலிருந்து இன்றுவரை நகர்ந்தது ஒன்பது பாகைக்குச் சற்று மேல். இன்று மூன்றாம் நாள் வருவது அன்று பதினொன்று பன்னிரண்டாம் நாளில் வந்திருக்கும். அதாவது நடுப்பத்தின் தொடக்கத்தில்! தம் காலத்துச் சிற்பியர் வாயிலாக அறிந்த நாளையே உரையாசிரியர் எழுதினார் என்று கொள்வதே பொருத்தம். ஏட்டை மட்டும் பார்த்து எழுதியவர்க்கு இக்கணக்குப் பொருந்தி வந்திராது. உரையாசிரியர்களை எளிதாகக் குறை கூறுவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

அரண்மனைக்கு மட்டுமன்று, ஆலயத்துக்கும் நிழலே திசை வகுத்தது. திருக்கோயில் எடுக்குமுன் சங்கு நாட்டித் திசை அறிதலைச் சிற்ப நூல்கள் விதிக்கின்றன. மயமதத்தின் ஆறாம் அதிகாரம் முழுவதும் இதற்கே உரியது. சங்கு என்பது ஈண்டு ஊதும் சங்கன்று. வயிரம் பாய்ந்த மரத்தாற் செய்து நுனி கூர்மையாக்கிய முளை. நிலத்தை நீர் மட்டம் பார்த்துச் சமன் செய்து, நடுவில் சங்கை நாட்டி, அதனை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைவர். காலையில் சங்கின் நிழல் மேற்கே நீண்டு வட்டத்துக்கு வெளியே கிடக்கும். ஞாயிறு ஏற ஏற நிழல் குறுகி, அதன் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே புகும். புகுந்த இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நிழல் மீண்டும் நீண்டு, கிழக்கே வட்டத்தைத் தொட்டு வெளியேறும். வெளியேறிய இடத்தில் மற்றொரு புள்ளி. இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோடே கீழ்மேல் கோடு. அப்புள்ளிகளை மையமாகக் கொண்டு இரண்டு வளைவுகள் வரைந்தால், ஒன்றையொன்று வெட்டி மீன் வடிவம் தோன்றும். அம்மீனின் தலையையும் வாலையும் இணைப்பது தென்வடல் கோடு. காந்த ஊசி இல்லாமல், விண்மீன் பார்க்காமல், ஒரு முளையும் ஒரு கயிறும் கொண்டு மெய்த்திசை காணும் வழி இது. காந்த ஊசியோ அருகில் இரும்பு இருந்தால் பிழைபடும். இல்லாவிடினும் மெய் வடக்கினின்று சற்று விலகியே நிற்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. காலைக்கும் மாலைக்கும் இடையே ஞாயிறு வடக்கோ தெற்கோ சிறிது நகர்ந்துவிடுகின்றது. அதனால் இரண்டு புள்ளிகளும் சரியாக ஒத்து நில்லா. இதற்காகத் திங்கள்தோறும் நிழலில் இத்தனை அங்குலம் கழிக்க வேண்டும் என்று மயமதம் திருத்தமும் கூறுகின்றது. அத்திருத்தத்துக்கே இடமில்லாத நாட்களும் ஆண்டில் உண்டு. ஞாயிறு தென்கோடியில் அல்லது வடகோடியில் நின்று திரும்பும் நாட்கள் அவை. சென்ற ஆண்டு மார்கழித் தொடக்கத்தில் தென்கோடித் திருப்பம் நிகழ்ந்தபோது, நம் கோயிலின் வெளிப்பிராகாரத்தில் யானும் திருப்பணி ஸ்தபதியாரும் ஓர் அடி உயரச் சங்கை நாட்டினோம். மூன்று நாள் வட்டம் வரைந்து, மூன்று நாளும் ஒரே கோடு கிடைத்தது. பின்னர், கருவறை வாயிலின் நடுவினின்று நந்தி, பலிபீடம், கொடிமரம் வழியாக ஓடும் கோட்டைக் கயிறு பிடித்து அதனோடு ஒப்பிட்டோம். முப்பது அடி நீளத்தில் நான்கு விரல் வேறுபாடு. அது பழைய சிற்பியின் பிழையா, எம்முடைய பிழையா என்று துணிய இயலவில்லை. எம்முடையதாகவே இருக்கலாம் என்றார் ஸ்தபதியார். யானும் அவ்வாறே கருதுகின்றேன்.

நிற்க. நேராக நட்ட முளை திசையை இவ்வளவு நன்றாகக் காட்டுகின்றதே, நாழிகையைக் காட்டாதா? காட்டும்; ஆனால் ஆண்டு முழுவதும் காட்டாது. முல்லைப்பாட்டில், பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகை வட்டிலின் நீர்கொண்டு பொழுது அளந்து சொல்லுவோர் வருகின்றனர். அரசனுக்கு வட்டில் உண்டு. வயலில் நிற்கும் உழவனுக்கு அது ஏது? அவனுக்கென்று ஒரு துரும்புக் கணக்கைப் பெரியோர் வைத்திருந்தனர். திருமடத்து நந்தவனத்தில் பூக்கொய்யச் சென்ற நாட்களில் எங்கள் ஆசிரியர் அதனைக் கற்பித்தார். பதினாறு விரற்கடை நீளமுள்ள ஒரு துரும்பை எடுத்து, ஒரு பகுதியை நிலத்தில் கிடத்தி, மறுபகுதியை நேராக நிமிர்த்த வேண்டும். நிமிர்ந்த பகுதியின் நிழல் கிடந்த பகுதியைச் சரியாக மூடும்வரை மடிப்பை மாற்றிக்கொண்டே வர வேண்டும். மூடியபோது நிமிர்ந்து நிற்பது எத்தனை விரலோ, உதயம் முதல் அத்தனை நாழிகை. பிற்பகலாயின் மாலைக்கு அத்தனை நாழிகை எஞ்சியுள்ளது.

இதன் அழகைச் சற்று ஆராய்ந்து பார்க்க. எட்டு விரல் நிமிர்ந்து எட்டு விரல் கிடந்தால், ஞாயிறு வானில் பாதி உயரம், அதாவது 45 பாகை ஏறியுள்ளது. நாழிகைக்கு ஆறு பாகை என்னும் கணக்கில் அது ஏழரை நாழிகை. துரும்பு எட்டு என்கின்றது. பன்னிரண்டு விரல் நிமிர்ந்தால் உண்மைக் கணக்கும் பன்னிரண்டே. துரும்பு ஒன்றைக் கொண்டு இவ்வளவு நெருங்கி வருதல் வியப்பன்றோ? ஆயினும் மார்கழியில் ஒருநாள் நண்பகலில் யான் இதனைச் செய்து பார்த்தேன். பதினைந்து வர வேண்டிய இடத்தில் ஒன்பதரை விரலுக்குமேல் நிமிர்த்த முடியவில்லை. ஆசிரியரிடம் ஓடினேன். அவர் சிரித்து, "மார்கழியில் ஞாயிறே நிமிர்வதில்லை, துரும்பு எவ்வாறு நிமிரும்?" என்றார். அத்திங்களில் நம் நாட்டில் ஞாயிறு நண்பகலிலும் தெற்கே சாய்ந்து 55 பாகை உயரத்திலேயே நிற்கின்றது. துரும்புக் கணக்கு ஞாயிறு உச்சியை ஒட்டிச் செல்லும் திங்கட்கே ஏற்றது.

நேரான முளையின் குறை இதுவே. அதன் நிழல் நாழிகையையும் பருவத்தையும் ஒன்றாகக் கலந்து காட்டுகின்றது. இரண்டையும் பிரிக்க வேண்டுமாயின் முளையைச் சாய்க்க வேண்டும். எங்கே சாய்ப்பது? ஞாயிறும் விண்மீன்களும் எந்த அச்சைச் சுற்றி வருவனபோல் தோன்றுகின்றனவோ, அந்த அச்சின் திசையில். அதாவது வட துருவத்தை நோக்கி. அவ்வாறு சாய்த்த கோலைச் சுற்றி ஞாயிறு எப்பருவத்திலும் நாழிகைக்கு ஆறு பாகையாகவே செல்லும். மார்கழியாயினும் ஆனியாயினும் ஒரே நாழிகைக்கு நிழல் ஒரே கோட்டில் விழும். துருவம் வானில் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். எந்த ஊரின் அட்சம் எத்தனை பாகையோ, அங்கே துருவத்தின் உயரமும் அத்தனை பாகை. நம் ஊருக்கு அது 11 பாகை. காசிக்கு 25 பாகைக்குச் சற்று மேல். ஜயப்பூருக்கு 27.

கோலை இவ்வாறு துருவத்தை நோக்கி நிறுத்தி, அதற்குக் குறுக்கே நாழிகை வட்டத்தை அமைக்கும் கருவியை நாடிவலயம் என்னும் பெயரால் பாஸ்கராசாரியர், 1150-இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியில் கூறியுள்ளார். நாடி என்பது நாழிகையே. இவ்வறிவைக் கல்லிலும் சுண்ணத்திலும் மலைபோல் எழுப்பிக் காட்டியவர் ஜயப்பூர் மன்னர் சவாய் ஜயசிங். தில்லியில் 1724-இல் தொடங்கி, ஜயப்பூர், உஜ்ஜயினி, மதுரா, காசி ஆகிய இடங்களிலும் அவர் விண்ணாய்வுக் கூடங்களை அமைத்தார். அவற்றுள் மதுராவில் இருந்தது அழிந்துவிட்டது. ஜயப்பூரில் உள்ள சாம்ராட் யந்திரம் சற்றேறக்குறைய 90 அடி உயரம். படிக்கட்டுச் சுவர்போல் ஏறிச் செல்லும் அதன் விளிம்பு அவ்வூர் அட்சமாகிய 27 பாகையில் துருவத்தை நோக்கிச் சாய்ந்துள்ளது. அதன் நிழல் வளைந்த மேடையின்மேல் நகர்வதைக் கண்ணாற் காணலாம். அங்கேயே இருமுகம் கொண்ட நாடிவலயமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

தமிழ்நாட்டில் இத்தகைய கருவியைக் காண விழைவோர் கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூர்ச் சிவயோகிநாதர் திருக்கோயிலுக்குச் செல்லலாம். திருஞானசம்பந்தர் பாடியருளிய வியலூர் என்பது இத்தலமே. அங்கே மதிலில் கருங்கல்லில் அரைவட்டமாகக் கடிகாரம் வெட்டப்பெற்று, நடுவில் பித்தளை ஊசி பொருத்தப்பட்டுள்ளது. சுவரில் அமைக்கும் கடிகாரங்களைப் பற்றிப் பொதுவாக ஒன்று கூறலாம். நம் அட்சத்தில் தென்முகச் சுவரில் கோடுகள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் அமைந்து பார்வைக்கு இனிதாக இருக்கும். ஆனால் சித்திரை முதல் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் முடிய, நண்பகல் ஞாயிறு நம் தலைக்கு வடக்கே சென்றுவிடுகின்றது. அந்நாட்களில் தென்முகச் சுவரில் உச்சிப்போதில் வெயில் படாது. எனவே நம் நாட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்று ஆண்டு முழுவதற்கும் போதாது.

தரையில் கிடையாக வைக்கும் கடிகாரத்துக்கோ வேறொரு குறை. நம் ஊருக்கென்று முறைப்படி கணித்தாலும், நண்பகல் முதல் மூன்று மணிவரையுள்ள கோடுகள் அனைத்தும் 11 பாகைக்குள் நெருங்கிக் கிடக்கும். ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே மட்டும் 54 பாகை விரிந்து நிற்கும். மேனாட்டுத் தோட்டங்களில் கிடைப் பலகை அழகாக அமைவதற்குக் காரணம் அங்கே துருவம் உயர்ந்திருப்பதே.

இனிப் பித்தளைப் பலகைக்கு வருவோம். அதன் முக்கோணத் தகட்டை அளந்தேன். 51 பாகை. செய்த தொழிற்கூடத்தார், அன்பர் வாழும் ஊரின் அட்சத்துக்கே அதனைச் செய்திருந்தனர். எங்கே வைக்கப்போகின்றீர்கள் என்று கேட்டிருந்தால் இத்தொல்லை இல்லை. தந்தையாரின் பெயரை எழுத்துப் பிழையின்றி வெட்டியவர்கள், ஊரை வெட்டவில்லை. அந்தத் தகடு நம் துருவத்துக்கு 40 பாகை மேலே வெற்று வானத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது.

இதற்குப் பரிகாரம் எளிது. பலகையின் தென்விளிம்பை 40 பாகை உயர்த்திவிட்டால், தகடு தாழ்ந்து 11 பாகையில் நம் துருவத்தைப் பார்க்கும். கோடுகளை மாற்ற வேண்டியதில்லை. ஏனெனில் அவ்வாறு சாய்ந்த பலகை, அந்நாட்டில் கிடையாக வைத்த பலகைக்கு இணையாகவே நிற்கும். கொத்தனாரைக் கொண்டு ஆப்பு வடிவில் ஒரு செங்கல் மேடை கட்டிப் பலகையை அதன்மேல் பதித்தோம். அன்றுமுதல் அது வழுவவில்லை. மார்கழி விடுமுறையில் அவ்வன்பர் குடும்பத்தோடு வந்தார். காலை ஏழரை மணிக்கு நந்தவனத்துக்கு அழைத்துச் சென்றேன். எங்கும் வெயில், பலகையில் மட்டும் வெயில் இல்லை. "ஐயா, இன்னும் பழுதுதானா?" என்று கேட்டார். சிறிது பொறுக்கச் சொன்னேன். எட்டு மணி கடந்த பின்னரே பலகையின்மேல் கதிர் விழுந்து கோட்டில் நிழல் தோன்றிற்று. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கள் ஊரில் இத்திங்களில் எட்டு மணிக்குத்தான் விடியும்" என்றார். பிற்பகல் நாலு மணிக்குள் பலகை மீண்டும் இருளும். நம் நந்தவனத்து வெயிலில் இருந்துகொண்டே அது அந்நாட்டின் குறும்பகலைக் காத்துவருகின்றது. அதனை அகற்ற வேண்டாம் என்று அறங்காவலர்களும் இசைந்தனர்.

அவ்வன்பரே நம் ஊருக்கென்று ஒரு நிழற்கல் அமைய வேண்டும் என்று விரும்பிப் பொருளுதவி செய்தார். அதன் அமைப்பைத் திருப்பணி அன்பர்கள் அறிதல் நன்று. முதலில் அட்சத்தை நிழலாலேயே கண்டோம். பங்குனி 7-ஆம் நாள் அளவில், பகலும் இரவும் ஒத்து நிற்கும் விஷுவ நாளின் நண்பகலில், பன்னிரண்டு அங்குலச் சங்கின் நிழலை அளந்தால் கிடைப்பது விஷுவச் சாயை. பஞ்சாங்கக் கணிதர்கள் இலக்கினம் கணிக்க இன்றும் ஊர்தோறும் இதனையே கைக்கொள்ளுகின்றனர். நமக்கு இரண்டே கால் அங்குலத்துக்குச் சற்று மேல், கணக்கின்படி இரண்டும் மூன்றில் ஒன்றும். கிடை பன்னிரண்டு, உயரம் இரண்டும் மூன்றில் ஒன்றும் என ஒரு முக்கோணம் வரைந்தால், அதன் சாய்வே 11 பாகை. ஸ்தபதியாருக்குப் பாகைக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த முக்கோணத்தை மரப்பலகையில் அறுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வேலை முழுவதும் அதனாலேயே முடிந்தது.

நான்கு அடி விட்டமுள்ள கருங்கல் வட்டம் ஒன்று. அது தேர்ச்சக்கரம்போல் நிமிர்ந்து, மேல்விளிம்பு தெற்கே 11 பாகை சாய்ந்து நிற்கின்றது. நடுவில் துளையிட்டு வெண்கலக் கோல் ஒன்று செங்குத்தாக ஊடுருவ, இருபுறமும் ஆறு ஆறு அங்குலம் நீண்டுள்ளது. கோலின் வட நுனி துருவத்தைப் பார்க்கின்றது. பங்குனி முதல் புரட்டாசி வரை ஞாயிறு வடகோளத்தில் இருக்கும்போது கல்லின் வடமுகத்தில் வெயில் படும். மற்றை ஆறு திங்கள் தென்முகத்தில் படும். ஆகவே இருமுகத்திலும் கோடுகள் வேண்டும். ஜயப்பூர் நாடிவலயத்துக்கு இருமுகம் இருப்பதும் இக்காரணம் பற்றியே. கீழ் அரைவட்டத்தில் முப்பது நாழிகைக்கு முப்பது பிரிவு, ஒவ்வொன்றும் ஆறு பாகை; எண்கள் தமிழ் எண்கள். ஆனியில் பகல் நீளுவதால் இருபுறமும் ஒவ்வொரு நாழிகை கூட்டியுள்ளோம். வடமுகத்தில் நிழல் வலஞ்சுழியாகச் செல்லும். தென்முகத்தில் இடஞ்சுழியாகச் செல்லும். இதனைப் பிழையென்று எண்ணி எவரும் கல்லைத் திருப்பி வைத்துவிட வேண்டா என்று வருங்காலத் திருப்பணியாளரைக் கேட்டுக்கொள்ளுகின்றேன். பஞ்சாங்க நாழிகை அவ்வூர் உதயம் முதல் எண்ணப்படுவது. கல்லின் நாழிகை விஷுவ நாளின் உதயத்தை முதலாக வைத்து எண்ணப்படுவது. பருவத்துக்கேற்ப ஒரு நாழிகைக்குள் அடங்கும் வேறுபாடு இருக்கும்.

நாழிகையோடு நாளையும் இக்கல் காட்டும். கோலின் நுனி நிழல் ஒருநாள் முழுவதும் கல்லின்மேல் ஒரே வட்டத்தில் நடக்கும். நாளுக்கு நாள் அவ்வட்டம் விரியும் அல்லது சுருங்கும். ஞாயிறு கோடியில் திரும்பும் நாளில் வட்டம் மிகச் சிறியது, மையத்தினின்று 14 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மார்கழி 7-ஆம் நாள் அளவில் நிழல் அங்கே வந்து திரும்புவதைக் காணும் அன்பர்கள், உத்தராயணம் தை முதல் நாளன்றோ என்று வினவுவர். பஞ்சாங்கம் விண்மீனைப் பற்றி எண்ணுகின்றது. கல் நிழலைப் பற்றி எண்ணுகின்றது. நச்சினார்க்கினியரின் நடுப்பத்தை நகர்த்திய அதே அயன சலனமே இவ்விரண்டையும் பிரித்தது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பழித்தல் வேண்டா.

கல்லைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு ஒரு சொல். 1906-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் பொது நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரமே. அதற்கு முன் அவ்வவ்வூர்க்கு அவ்வவ்வூர் நண்பகல்; இருப்புப்பாதை வண்டிகளுக்குச் சென்னை நேரம். நம் ஊர் அந்த ரேகைக்கு ஏறத்தாழ 3 பாகை மேற்கே இருப்பதால், ஞாயிறு இங்கு உச்சிக்கு வருவது சராசரி 12 நிமிடம் தாழ்த்தே. இதனோடு, புவி தன் நீள்வட்டப் பாதையில் ஒரே விரைவாகச் செல்லாமையாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் மற்றொரு வேறுபாடு சேரும். ஐப்பசியின் பிற்பாதியில் கல் கடிகாரத்தை 4 நிமிடம் முந்தும். தை இறுதியில் 26 நிமிடம் பின்தங்கும். ஆகவே தையில் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது உச்சிக்கால மணி அடித்தால், ஞாயிறு உச்சிக்கு வர இன்னும் ஒரு நாழிகைக்கு மேல் இருக்கின்றது என்பதை அர்ச்சகப் பெருமக்கள் அறிந்திருத்தல் நலம். இதனைத் திருத்த வேண்டும் என்று யான் வற்புறுத்தவில்லை. உச்சிப்போதைக் கல்லைப் பார்த்தே கொள்ளலாம் என்று நம் கோயில் மூத்த குருக்கள் கூறியிருக்கின்றார்.

தென்முகத்தில் மையத்தினின்று சற்றேறக்குறைய 20 அங்குலத்தில் ஒரு வளைவு ஆழமாக வெட்டப்பெற்றுள்ளது. தைத் திங்களின் மூன்றாம் வாரத்தில் நிகழும் இக்கும்பாபிஷேக நன்னாளுக்கு உரிய வளைவு அது. அந்நாளில் நிழல் நுனி பொழுதெல்லாம் அவ்வளைவின் மேலேயே நடக்கும். ஐப்பசியின் பிற்பகுதியில் ஞாயிறு தெற்கே செல்லும்போதும் ஒருநாள் அவ்வளைவைத் தொடும். ஒரு வளைவுக்கு இரண்டு நாள் என்பது நிழலின் இயல்பு. வளைவின் அருகே இன்னும் எழுத்து எதுவும் பொறிக்கவில்லை. யாகசாலையிலிருந்து கடங்கள் புறப்பட்டு விமானத்தில் திருநீராட்டு நிகழும் கணத்தில் நிழல் எங்கே நிற்கின்றதோ அங்கே ஒரு புள்ளியிடுவதற்காக, ஸ்தபதியார் உளியோடு கல்லருகில் இருப்பார். அன்று மேகம் மறைக்காதிருக்கத் திருவருள் கூட்டுக. அன்பர்கள் விமான தரிசனம் முடித்துத் திரும்புகையில் நந்தவன வழியாக வந்து அப்புள்ளியைக் காணலாம். அதனை அடுத்து, ஆப்பு மேடையின்மேல் பித்தளைப் பலகையும் இருக்கும்.